கல்லாவில் உட்காரும் முன்: தன்னைத் தானே எடைபோடும் முறை

ஐ.நா.வின் வணிக, வளர்ச்சி அமைப்பான அங்டாட், 1988இல் அர்ஜென்டினாவில் ‘எம்பிரெடெக்’ என்ற தொழில்முனைவோர் பயிற்சியைத் தொடங்கியது. அந்தப் பயிற்சியில் புழங்கும் சுயமதிப்பீட்டுப் படிவத்தில் 55 வாக்கியங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். அவற்றில் ஐந்து வாக்கியங்களுக்கு மட்டும் வேறு வேலை. நிரப்புகிறவர் தன்னைப் பற்றி எவ்வளவு பெருமையடித்துக்கொள்கிறார் என்பதை அவை பிடித்துவிடும். அந்த ஐந்தின் கூட்டல் அளவுக்கு மீறிப் போனால் மற்ற எல்லாத் தலைப்புகளிலும் மதிப்பெண் குறைக்கப்படும்.

படிவம் தயாரித்தவர்களுக்கு மனிதர்களைத் தெரிந்திருக்கிறது. “நீங்கள் விடாமுயற்சி உள்ளவரா?” என்று கேட்டால் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. “போன வருடம் எதை விடாமல் முடித்தீர்கள்?” என்று கேட்டால்தான் பேச்சு நிற்கும்.

இந்த அத்தியாயத்தின் ஆறு படிகளும் அந்த இரண்டாவது கேள்வியின் மேல் கட்டப்பட்டவை. தொழில் தொடங்க நினைப்பவர் தன்னைப் பற்றி நினைப்பதற்கு இங்கே மதிப்பெண் கிடையாது. நடந்து முடிந்ததற்கு மட்டுமே உண்டு. ஒரு மாதத்தில் ஆறையும் முடித்துவிடலாம்.

தேவையானவை

• ஒரு கோடு போட்ட நோட்டு
• கடைசி ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம்
• முகத்துக்கு நேரே உண்மை சொல்லக்கூடிய மூன்று பேர்
• தொடர்ச்சியான நான்கு வார இறுதிகள்
• போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு சிறு தொகை

படி 1: பத்துக் குணங்களுக்குச் சாட்சி தேடுங்கள்

எம்பிரெடெக் பயிற்சி பத்துக் குணங்களை அளக்கிறது. அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்டின் ஆய்வுகளிலிருந்து வளர்ந்த பட்டியல் அது. கீழே ஒவ்வொரு குணத்துக்கும் எதிரே ஒரு கேள்வி இருக்கிறது. கடந்த 12 மாதங்களில் நடந்த ஒரு சம்பவத்தைப் பதிலாக எழுதுங்கள்.

1. தானாக முன்வருதல்: யாரும் சொல்லாமல் நீங்களே தொடங்கிய வேலை எது?
2. விடாப்பிடி: முதல் முறை சறுக்கிய பிறகு வழியை மாற்றி மறுபடி முயன்றது எது?
3. ஒப்புக்கொண்டதை முடித்தல்: சொன்ன தேதிக்குள் கொடுப்பதற்காகத் தூக்கத்தையோ காசையோ விட்டுக்கொடுத்தது எப்போது?
4. தரமும் சிக்கனமும்: எந்த வேலையை முன்பைவிட நேர்த்தியாகவோ மலிவாகவோ செய்துகாட்டினீர்கள்?
5. அளந்து துணிதல்: நட்டம் வந்தால் எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு இறங்கியது எதில்?
6. இலக்கு: எழுதிவைத்து, தேதி குறித்து, எட்டிய ஒன்று எது?
7. தகவல் தேடுதல்: நேரில் போய் விசாரித்ததால் எந்த முடிவை மாற்றிக்கொண்டீர்கள்?
8. திட்டமிட்டுக் கண்காணித்தல்: மூன்று மாதமாவது விடாமல் எழுதிய வரவு செலவு உண்டா?
9. பேசி இணங்கவைத்தல்: முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசிச் சாதித்தது என்ன?
10. தன்னம்பிக்கை: சுற்றி இருந்தவர்கள் வேண்டாம் என்றபோதும் காரணத்தோடு எடுத்த முடிவு எது?

மதிப்பெண் போடும் முறை எளிது. சம்பவமே நினைவுக்கு வரவில்லை என்றால் 0. யாரோ தள்ளிவிட்டதால் செய்தது, அல்லது பாதியில் நின்றது என்றால் 1. தானே தொடங்கி முடித்து, அதைப் பார்த்த ஒரு ஆளின் பெயரையும் எழுத முடிந்தால் 2. மொத்தம் 20.

“நான் யாரிடமும் நன்றாகப் பேசுவேன்” என்று எழுதினால் 0 தான். “பங்குனித் திருவிழா அன்னதானத்துக்காகத் தெரியாத 14 கடைகளில் பேசி அரிசி வாங்கினேன், விழாக் குழுப் பொருளாளருக்குத் தெரியும்” என்று எழுதினால் 2.

பெரிய சம்பவமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கடலூரைச் சேர்ந்த கெவின்கேர் நிறுவனர் சி.கே.ரங்கநாதன் படிப்பில் சுமார்தான். ஆனால் பள்ளிப் பருவத்திலேயே புறா, மீன், பறவைகள் என்று வளர்த்து, அவற்றை விற்றுக் கைச்செலவுக்குச் சம்பாதித்தவர். யாரும் சொல்லாமல் வளர்த்து, ஆள் பிடித்து விற்று, காசை எண்ணிவைத்த அந்தச் சிறுவனுக்கு மேலே உள்ள பட்டியலில் குறைந்தது மூன்று இடங்களில் 2 போடலாம்.

குறிப்பு: வேலைக்குப் போகாத இல்லத்தரசிகள் இந்தப் பட்டியலைப் பார்த்துத் தயங்குவது உண்டு. மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கை எழுதியது, ஏலச்சீட்டில் எல்லாரிடமும் பணம் வசூலித்தது, வீட்டுக் கல்யாணத்துக்குச் சமையல் சாமான் பேரம் பேசி வாங்கியது எல்லாமே கணக்கில் சேரும்.

வழக்கமாக நடக்கும் தவறுகள்

• பத்து வருடத்துக்கு முந்தைய கல்லூரிச் சாதனையை எழுதுவது. 12 மாதம் என்றால் 12 மாதம்தான்.
• ஐந்து பேர் சேர்ந்து செய்ததைத் தன் கணக்கில் மட்டும் வரவு வைப்பது. அதில் உங்கள் பங்கு என்ன என்பதை எழுதுங்கள்.
• 0 வந்த இடத்தை அவசரமாக நிரப்புவது. இந்த நோட்டில் அதிகம் உதவப்போவது 0 வந்த வரிகள்தான்.

படி 2: கையிருப்பை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்

இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியரான சாரஸ் சரஸ்வதி, அனுபவம் வாய்ந்த 27 தொழில்முனைவோருக்கு ஒரே மாதிரியான வியாபாரப் பிரச்சினைகளைக் கொடுத்து, அவர்கள் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். அதன் அடிப்படையில் 2001இல் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வெளியானது. அவர் கண்டது இது: தேர்ந்தவர்கள் பெரிய இலக்கை வைத்துக்கொண்டு அதற்குப் பணம் தேடி அலைவதில்லை. நான் யார், எனக்கு என்ன தெரியும், எனக்கு யாரைத் தெரியும் என்ற மூன்றிலிருந்துதான் புறப்படுகிறார்கள்.

நோட்டின் ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுப் பிரியுங்கள்.

1. நான் யார்: உடம்பும் சுபாவமும். காலை நான்கு மணிக்கு எழ முடியுமா? எட்டு மணி நேரம் நிற்க முடியுமா? ஒரே கேள்வியை நாற்பதாவது வாடிக்கையாளர் கேட்டாலும் எரிச்சல் வராதா?
2. என்ன தெரியும்: நாளைக் காலையே கையால் செய்துகாட்டக் கூடியவை மட்டும். சான்றிதழ் இருந்தும் செய்யத் தெரியாததை எழுத வேண்டாம்.
3. யாரைத் தெரியும்: போன் செய்தால் எடுக்கிறவர்கள் பெயர் மட்டும். பக்கத்தில் ‘வாங்குவார்’, ‘சரக்குக் கடன் தருவார்’, ‘சொல்லிக்கொடுப்பார்’ என்று பிரித்துக் குறியுங்கள்.

ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து விலகி 1983இல் தனியாகத் தொடங்கியபோது கையில் இருந்தது 15,000 ரூபாய். இரண்டாவது பத்தியில்தான் அவருக்குச் சொத்து: ஷாம்பு எப்படித் தயாராகிறது என்பது குடும்பத் தொழிற்சாலையிலேயே பழகியிருந்தது. அதிலிருந்து வந்ததுதான் ‘சிக்’ ஷாம்பு. காலி பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு புதுப் பாக்கெட் இலவசம் என்ற அவருடைய திட்டம் கடைகளில் சரக்கை நகர்த்தியது.

இரண்டாவது பத்தியில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோவை அருணாசலம் முருகானந்தம் உதாரணம். பட்டறைக்காரர், இயந்திரம் செய்யத் தெரிந்தவர். மலிவு விலை சானிட்டரி நாப்கின் தயாரிக்க 1998 வாக்கில் இறங்கினார். உள்ளே இருப்பது பஞ்சு என்று நினைத்தார். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துவது மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் என்று தெரியவர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்த பட்டறை வேலைக்கு உபயோகம் வந்தது; சிறிய இயந்திரம் பிறந்தது. 2016இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருக்கு அந்த இரண்டு ஆண்டுகளைத் தாங்கும் பிடிவாதம் இருந்தது. படிக்கிறவர் தன் பட்டியலில் இரண்டாம் எண்ணுக்கு என்ன மதிப்பெண் போட்டார் என்று இங்கே ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

படி 3: மூன்று பேரிடம் நோட்டைக் கொடுங்கள்

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தொழில் தொடங்குவோருக்கான பயிற்சியிலும் இந்த ஏற்பாடு உண்டு. தான் போட்ட மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில், தன்னை நன்றாக அறிந்த இன்னொருவர் போடும் மதிப்பெண். மூன்று பேரை இப்படித் தேர்ந்தெடுங்கள்:

1. உங்களிடம் வேலை வாங்கிய ஒருவர்: மேலாளர், மேஸ்திரி, கடை முதலாளி, யாரானாலும் சரி.
2. உங்களுக்குக் கைமாற்றுக் கொடுத்த ஒருவர். திரும்ப வந்த தேதி அவருக்கு நினைவிருக்கும்.
3. வீட்டிலிருந்து ஒருவர். தொழிலின் பாரத்தில் பாதியைச் சுமக்கப்போகிறவர் அவர்தான்.

உங்கள் மதிப்பெண்களை மறைத்துவிட்டு, பத்துக் கேள்விகளை மட்டும் கொடுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: “அண்ணே, உங்க பணத்தை என்கிட்ட கொடுத்து வியாபாரம் பண்ணச் சொன்னா, எதை நினைச்சு பயப்படுவீங்க?” பதில் வரும்போது விளக்கம் சொல்லாதீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், கிளம்புங்கள்.

மூவரில் இருவர் ஒரே குணத்துக்கு உங்களைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அவர்கள் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கூடுதலாகப் போட்டிருந்தாலும் அப்படியே. தன்னைக் குறைத்து மதிப்பிடுகிறவர்களும் உண்டு.

தவிர்க்க வேண்டியவர்: உயிர் நண்பர். “நீ இறங்குடா, நான் இருக்கேன்” என்பவரின் அன்பு பெரிது. மதிப்பீட்டுக்கு அது பயன்படாது.

படி 4: எவ்வளவு துணியலாம் என்று கணக்குப் போடுங்கள்

மெக்லெலண்டின் பிரபலமான சோதனை ஒன்று உண்டு. தரையில் நட்ட குச்சியில் வளையம் எறிய வேண்டும். எங்கே நின்று எறிவது என்பது எறிபவர் இஷ்டம். சிலர் குச்சிக்குப் பக்கத்தில் நின்றார்கள், சிலர் எட்டாத தூரத்துக்குப் போனார்கள். சாதிக்கும் வேட்கை மிகுந்தவர்கள் நடுத்தூரத்தில் நின்றார்கள். கொஞ்சம் சிரமம், ஆனால் கைத்திறமையால் விழவைக்க முடியும் என்கிற தூரம்.

ஆர்.ஜி.சந்திரமோகன் 1970இல் 13,000 ரூபாயோடு சென்னை ராயபுரத்தில் ஒரு சிறு இடத்தில் ஐஸ்கிரீம் செய்யத் தொடங்கினார். நகரத்தின் பெரிய பார்லர்களில் ஏற்கெனவே பேர் வாங்கிய நிறுவனங்கள் இருந்தன. அவர்களோடு மோதாமல், தள்ளுவண்டிகள், கல்லூரி உணவகங்கள், கப்பல்களுக்குச் சரக்குக் கொடுப்பவர்கள் என்று தேடிப் போனார். பிற்பாடு பெரியவர்கள் எட்டிப் பார்க்காத சிறு நகரங்களுக்கு ‘அருண்’ ஐஸ்கிரீம் போனது. அது நடுத்தூரத்து எறிதல்.

உங்கள் தூரத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு இது:

1. வங்கிக் கணக்கு விவரத்தைப் பார்த்து, குடும்பத்தின் சராசரி மாதச் செலவை எடுங்கள். மனக்கணக்கு எப்போதும் குறைவாகவே காட்டும்.
2. அதை ஆறால் பெருக்குங்கள். இது தொடக்கூடாத பணம்.
3. அடுத்த ஒரு வருடத்தில் தவிர்க்க முடியாத பெருஞ்செலவுகளைச் சேருங்கள்: பள்ளிக் கட்டணம், பிரசவம், மருத்துவம், வீட்டில் ஒரு சடங்கு.
4. கையில் உள்ள சேமிப்பிலிருந்து இரண்டையும் கழியுங்கள். மிஞ்சுவதே துணியக்கூடிய தொகை.

மாதச் செலவு 30,000 ரூபாய் என்று வையுங்கள். ஆறு மாதத்துக்கு 1,80,000. வரவிருக்கும் செலவுகள் 50,000. சேமிப்பு 3,00,000 என்றால் துணியக்கூடியது 70,000 தான். பத்து லட்ச ரூபாய் இயந்திரத்தின் விலைப்பட்டியலைக் கையில் வைத்திருப்பவருக்கு இந்த எண் கசக்கும். கசந்தாலும் நோட்டில் எழுதுங்கள்.

பாதுகாப்பு எச்சரிக்கைகள்

• கந்துவட்டி, மீட்டர் வட்டிப் பணத்தில் எதையும் சோதித்துப் பார்க்க வேண்டாம். தமிழ்நாட்டில் அதிக வட்டி வசூலிப்பதைத் தடுக்க 2003 முதல் தனிச் சட்டமே இருக்கிறது.
• மற்றவருடைய நகை, மற்றவருடைய ஜாமீன் கையெழுத்து ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.
• கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை உங்கள் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை. வங்கி மேலாளர் பார்ப்பதற்கு முன் நீங்கள் பார்த்துவிடுங்கள். மூன்றாம் குணமான ‘ஒப்புக்கொண்டதை முடித்தல்’ அங்கே எண்ணாக எழுதப்பட்டிருக்கும்.
• ‘மாதாமாதம் உறுதியான வருமானம், பொருளை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்’ என்பவரிடம் ஏழாவது குணத்தைப் பயன்படுத்துங்கள். 2012இல் கொங்குப் பகுதியில் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்து ஆயிரக்கணக்கானோர் பணத்தை இழந்தார்கள். ஈமு இறைச்சியைக் கடைசியில் யார் வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்று சந்தையில் போய் விசாரித்தவருக்கு உண்மை முன்பே தெரிந்திருக்கும்.

படி 5: நான்கு வார இறுதிகள் விற்றுப் பாருங்கள்

இதுவரை எழுதியது பழைய சம்பவங்கள். இப்போது புதிதாக ஒன்றை உண்டாக்க வேண்டும்.

பாட்ரிசியா நாராயண் முதலில் வீட்டில் ஊறுகாய், ஜாம், ஸ்குவாஷ் செய்து விற்றுப் பார்த்தார். அதன் பிறகே 1982இல் சென்னை மெரினாவில் தள்ளுவண்டி போட்டார். முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி, ஐம்பது பைசாவுக்கு. மறுநாளும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்; விற்பனை நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு ஏறியது. பின்னாளில் உணவகங்கள் நடத்தி, 2010இல் சிறந்த பெண் தொழில்முனைவோருக்கான ஃபிக்கி விருது வாங்கினார். சோதனையில் அளக்க வேண்டியது அந்த முதல் நாள் வசூலை அல்ல. மறுநாள் கிளம்பினாரா என்பதைத்தான்.

செய்முறை:

1. இரண்டாம் படியின் பட்டியலிலிருந்து ஒரே ஒரு பொருளையோ சேவையையோ எடுங்கள். அரைத்த மாவு, சட்டை ஆல்டரேஷன், கணக்கு டியூஷன், பைக் சர்வீஸ் போல வார இறுதியில் முடியக்கூடியதாக இருக்கட்டும்.
2. முதலீடு, துணியக்கூடிய தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.
3. லாபம் வைத்தே விலை சொல்லுங்கள். ‘அறிமுகத்துக்காக’ அடக்க விலைக்குக் கொடுத்தால் சோதனை செல்லாது.
4. சொந்தக்காரர், நண்பர், அலுவலகத்துக்காரர் வாங்கியது கணக்கில் சேராது.
5. ஒவ்வொரு வாரமும் தெரியாத இருபது பேரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றவர் சொன்ன காரணத்தை அவர் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.
6. ஞாயிறு இரவு வரவு, செலவு, உங்கள் உழைப்பு மணி மூன்றையும் எழுதுங்கள்.
7. அடுத்த வாரம் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள்: விலை, அளவு, இடம், பேசும் விதம் இவற்றில் ஏதாவது ஒன்று.

குறிப்பு: சோதனைக்காக வேலையை விட வேண்டாம். 2005இல் பெங்களூரில் பி.சி.முஸ்தபாவும் அவருடைய உறவுமுறைச் சகோதரர்களும் சுமார் இருபது கடைகளுக்கு இட்லி, தோசை மாவு கொடுத்து ‘ஐடி ஃப்ரெஷ்’ஷைத் தொடங்கினார்கள். ஒரு நாளைக்கு நூறு பாக்கெட் என்ற இலக்கை எட்டவே ஒன்பது மாதம் ஆனது. சகோதரர்கள் தொழிலைப் பார்த்துக்கொள்ள, முஸ்தபா ஐ.ஐ.எம். படிப்பை முடித்த பிறகே முழுநேரமாக வந்தார்.

எச்சரிக்கை: அரசு ஊழியர்கள் நடத்தை விதிகளையும், தனியார் ஊழியர்கள் பணி நியமன ஆணையையும் முதலில் படியுங்கள். வெளித்தொழிலுக்குத் தடை இருக்கலாம். உணவுப் பொருளை விற்பவர் எவ்வளவு சிறியவராக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

படி 6: நோட்டை வாசியுங்கள்

கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து ‘பாஸ்’, ‘ஃபெயில்’ போடாதீர்கள். 14 வாங்கியவர் கவிழ்வதும் 9 வாங்கியவர் நிலைப்பதும் எந்தெந்த வரியில் 0 விழுந்தது என்பதைப் பொறுத்தது.

• 3இல் 0 (ஒப்புக்கொண்டதை முடித்தல்): தொடங்க வேண்டாம். இதைப் பங்காளியும் ஈடுசெய்ய முடியாது, சம்பள ஆளும் ஈடுசெய்ய முடியாது. ஆறு மாதம் சின்னச் சின்ன வாக்குகளைக் காப்பாற்றிவிட்டு மறுபடி எடைபோடுங்கள்.
• 2இல் 0 (விடாப்பிடி): ஐந்தாம் படியை வேறு பொருளில் இன்னொரு முறை செய்யுங்கள்.
• 5இல் 0 (அளந்து துணிதல்): முதலீடு குறைந்த சேவைத் தொழிலைப் பாருங்கள். இயந்திரம், கடை அட்வான்ஸ் இரண்டும் பிறகு.
• 8இல் 0 (கணக்கு, கண்காணிப்பு): கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளும் வரை வாரம் ஒருமுறை கணக்கு எழுத ஆள் வையுங்கள். ஆனால் பணத்தை எண்ணுவது உங்கள் கையாகவே இருக்கட்டும்.
• 9இல் 0 (பேசி இணங்கவைத்தல்): தெருவில் கடை போடும் தொழில் பொருந்தாது. நாலைந்து நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் கோவைப் பட்டறைகள் போன்ற தொழில் பொருந்தும். அல்லது விற்கத் தெரிந்த பங்காளி வேண்டும்.

குறைந்த மதிப்பெண் தலையெழுத்தும் அல்ல. மெக்லெலண்ட் 1960களில் ஆந்திராவின் காக்கிநாடா வியாபாரிகளை ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார். பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடப் பிறகு தொழிலில் சுறுசுறுப்பாக இயங்கினார்கள் என்று அவருடைய ஆய்வு பதிவு செய்தது. இன்று அப்படிப்பட்ட பயிற்சிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சென்னை கிண்டியில் தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் இருக்கிறது. மாவட்டங்களில் மாவட்டத் தொழில் மையங்கள் இருக்கின்றன. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் கட்டணமின்றிக் கற்றுத்தருகின்றன. போகும்போது எந்த வரியில் 0 என்பதைச் சொல்லிக் கேட்டால், பொருத்தமான பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

அடுத்த அத்தியாயத்துக்குக் கொண்டுபோக வேண்டியவை

1. மூன்று பேரின் மதிப்பெண்களோடு திருத்திய பத்து வரிப் பட்டியல்.
2. துணியக்கூடிய தொகை எழுதிய பக்கம். வீட்டில் ஒருவர் படித்துப் பார்த்து அதன் கீழே கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.
3. நான்கு வாரக் கணக்கும், வேண்டாம் என்றவர்கள் சொன்ன காரணங்களும். தொழிலைத் தேர்வு செய்யும் அடுத்த அத்தியாயம் இந்தக் காரணங்களிலிருந்துதான் தொடங்கும்.

ஆறு மாதம் கழித்து வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இப்போதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். அன்று அதே பத்துக் கேள்விகள், அதே மூன்று பேர், வேறு நிற மையில்.